வராத தண்ணிக்கு வந்த செய்தி

தாழங்கரையில ஒரு குழாய் இருக்கு. சீமெந்துக் கட்டு, நீலப் பூச்சு, முன்னுக்குக் கறுப்புக் கல்லில பொன் எழுத்து. போன வருசம் ஆவணி மாசம் அதை ஒரு பிரதம அதிதி திறந்து வைச்சவர், மூண்டு சிறப்பு அதிதிகளும் ஏழு கௌரவ அதிதிகளும் பக்கத்தில நிண்டவை எண்டு பேப்பரில வந்தது. பதினொரு பேரில ஒருத்தரும் திறக்கேல்ல. தண்ணியும் வரேல்ல. இண்டைக்கு வரைக்கும் வரேல்ல. செய்தி மட்டும் வந்தது. அதை எழுதினவ இன்பமலர். என்ர வீட்டில இருந்து மூண்டாவது வீடு.

அவவைப் பற்றி எழுத வேணுமெண்டு கன நாளா நினைச்சுக்கொண்டிருந்தனான். கோபம் ஆறட்டும், பேந்து எழுதுவம் எண்டு பாத்தன். ஆறுற மாதிரித் தெரியேல்ல. அதால இப்பிடியே எழுதுறன்.

இன்பமலர் பிறந்தது ரவுணில, பாலையூற்றுப் பக்கம். வேதக்காரக் குடும்பம். தகப்பன் சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில பைப் பொருத்திற வேலை செய்தவர். எங்கட ஊர்ப் பாக்கியரத்தினம் ரவுண் சந்தைக்கு மீன் கொண்டு போன காலத்தில அவவைக் கண்டு, ரெண்டு பேரும் விரும்பிக் கட்டினவை. அப்ப வந்தவதான் இஞ்ச. தாழங்கரை எண்டது சாம்பல்தீவு தாண்டி, கடலுக்கும் களப்புக்கும் நடுவில கிடக்கிற ஒடுங்கின ஊர். அறுபத்தொரு குடும்பம். ஒரு அம்மன் கோயில், ஒரு முன்பள்ளி, ஒரு கடை. எந்தக் கிணத்தில அள்ளினாலும் உப்பு. இன்பமலர் அந்த முன்பள்ளியில படிப்பிக்கத் தொடங்கினா. அண்டையில இருந்து சின்னன் பெரிசு எல்லாருக்கும் அவ ரீச்சர்.

கடல் அடிச்ச அந்த மார்கழி எங்கட ஊரில பத்தொன்பது பேர் போனவை. ஒரு கிழமை கழிச்சு முகாமுக்கு ஒரு பேப்பர் வந்தது. ஊர் ஊரா, செத்த ஆக்களின்ர பேர். தாழங்கரை இல்ல. ஒரு வரிகூட இல்ல. நான் பேப்பரைக் கிழிச்சு எறிஞ்சனான். ரீச்சர் எறியேல்ல. ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாப் போனா. பேர் என்ன, எத்தினை வயசு, ஆற்ற பிள்ளை, கடைசியா எங்க நிண்டது. எல்லாம் எழுதி அனுப்பினா. பதினேழு நாள் கழிச்சுப் போட்டாங்கள். மூண்டு பேரின்ர வயசைப் பிழையாப் போட்டாங்கள். அதுக்கும் திரும்பக் கடிதம் எழுதினா. திருத்திப் போடும்வரைக்கும் எழுதினா. ஒருத்தரும் கூப்பிட்டு அவவுக்கு நிருபர் வேலை குடுக்கேல்ல. அவவின்ர கடிதத்தை நிப்பாட்டேலாமல் நிருபர் அட்டை அடிச்சுக் குடுத்தவங்கள்.

அதுக்குப் பேந்து இருபது வருசம். காலமை முன்பள்ளி, பின்னேரம் ஸ்கூட்டி. சல்லி, நிலாவெளி எண்டு ஓடித் திரிஞ்சு, கரைவலை அறுந்தா, யானை வேலிக்குள்ள வந்தா, கோயில் தேர் சில்லு உடைஞ்சா, எல்லாத்தையும் போனில படம் எடுத்து அனுப்புவா. ஞாயிற்றுக்கிழமையில 'கரையோரக் கதை' எண்டு அரைப் பக்கம் எழுதுவா. அது செய்தியில்ல, அவவின்ர சொந்தக் கதை. நிலாவெளி பஸ் எங்கட சந்தியில நிக்காமல் போற கதை. தன்ர வள்ளத்துக்கு மனிசியின்ர பேரை வைச்சிட்டு, மனிசியோட கோவம் வந்தாப் பேரை அழிக்கிற மனிசனின்ர கதை. நிவாரணப் பட்டியலை ஆடு திண்ட கதை.

எனக்கு உது பிடிக்கிறேல்ல. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில கிடந்து துண்டுப்பிரசுரம் எழுதிப் பழகின ஆளுக்கு எப்பிடிப் பிடிக்கும்?

"நாட்டில இவ்வளவு நடக்குது பிள்ளை, நீங்கள் ஆட்டைப் பற்றி எழுதுறீங்கள்" எண்டு ஒருநாள் சொன்னன்.

"உங்கட துண்டுப்பிரசுரத்தையும் அந்த ஆடுதான் திண்டது இராசதுரை அண்ணை. ஊரில அதை முழுசா முடிச்சது அது மட்டும்தான்" எண்டா. பாக்கியரத்தினம் வலையைப் போட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சான்.

சரி. இனி அந்தச் செய்திக்கு வாறன்.

இஞ்சத்தை நிருபர்மாரிட்ட ஒரு பழக்கம் இருக்கு. பேப்பர் வாசிக்கிற சனத்துக்கு அது தெரியாது. எங்கட பக்கத்துச் செய்தி போடுற பக்கத்தைப் பின்னேரம் ரெண்டு மணிக்கு முடிச்சுப்போடுவாங்கள். ஆனா இஞ்ச எந்த விழாவும் நாலு மணிக்கு முன்னம் தொடங்காது, ஏனெண்டா அதிதிமார் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தெழும்பித்தான் வருவினம். அடுத்த நாள் பேப்பரில தங்கட பேர் இல்லையெண்டா அதே அதிதிமார் கொழும்பில பேப்பர்க் கந்தோருக்குப் போன் அடிச்சுக் கத்துவினம். அப்ப என்ன செய்யிறது? அழைப்பிதழைப் பாத்து முதல் நாளே எழுதி அனுப்பிறது. ஆர் ஆர் வந்தவை எண்டு அழைப்பிதழில இருக்கு. விளக்கேத்தினதும் ரிப்பன் வெட்டினதும் நிகழ்ச்சி நிரலில இருக்கு. பிரதம அதிதியின்ர உரை? எந்த அதிதி வந்தாலும் ஒரே உரைதான். 'மக்களின் தேவையே எனது தேவை' எண்டு ஒரு வரி, 'அரசியல் பேதமின்றி' எண்டு ஒரு வரி. கடைசியில 'நிகழ்வு சிறப்பாக நடைபெற்றது.' எல்லா நிருபரும் செய்யிறதுதான். பாடசாலைப் பரிசளிப்பு, ரோட்டுத் திறப்பு, மைதானம், எல்லாம் இப்பிடித்தான். கணக்குப் பிழைக்கிறேல்ல. தண்ணி வராட்டியும் ரிப்பன் வெட்டு ஒருநாளும் நிண்டதில்லையே.

எனக்கும் இது தெரியும். கன வருசமாத் தெரியும். ஒரு சொல்லு நான் சொன்னதில்ல.

ஆவணி பதின்மூண்டாந் திகதி நாலு மணிக்குக் குழாய்த் திறப்புவிழா. நேரத்தோட கூடாரம் போட்டு, கதிரை அடுக்கி, தோரணம் கட்டி, குத்துவிளக்கில எண்ணெயும் ஊத்தியாச்சு. பெட்டியில அதிதிமாருக்குத் திண்ண ரோல்ஸ் வந்து இறங்கிச்சுது. தாங்கி கட்டியாச்சு, பைப் தாட்டாச்சு, ஆனா தண்ணி இழுக்கிற மோட்டர் வரேல்ல. "வழியில வந்துகொண்டிருக்கு" எண்டான் திட்டக் கந்தோர்க்காரன். நாலரைக்கு அவன்ர போன் அடிச்சுது. பிரதம அதிதிக்குக் கொழும்பில அவசரக் கூட்டமாம், வரமாட்டாராம். பிரதம அதிதி வராத இடத்துக்குச் சிறப்பு அதிதி வருவினமே? அவையும் அரை வழியில காரைத் திருப்பிட்டினம். விழா அடுத்த கிழமைக்கு மாத்தம் எண்டாங்கள். ஐஞ்சு மணிக்குக் கதிரையெல்லாத்தையும் லாண்ட்மாஸ்டரில ஏத்தியாச்சு. ரோல்ஸை மட்டும் சனத்துக்குக் குடுத்தாங்கள். பழுதாப் போயிடும் எண்டு.

இன்பமலர் அதில நிண்டவ. பக்கத்தில நானும் நிண்டனான். உடன போன் எடுத்து, பேப்பரில எங்கட பக்கத்தைப் பாக்கிற நிரோஷினிக்கு அடிச்சா. அது ஒரு சின்னப் பிள்ளை, கொழும்பில இருந்து தனிய நாலு மாவட்டத்தைப் பாக்குது.

"நிரோஷினி, அந்தத் தாழங்கரைச் செய்தியை நிப்பாட்டம்மா. விழா நடக்கேல்ல."

"அக்கா, பக்கம் போயிட்டுது. இப்ப அச்சில. அடுத்த கிழமை நடக்கும்தானே?"

"நடக்குமாம்."

"அப்ப என்ன அக்கா? செய்தி ஒரு கிழமை முந்திப் போட்டுது, அவ்வளவுதானே. விடுங்கோ."

விட்டிட்டா. இதை நான் மறைக்கமாட்டன். செத்த பிள்ளையின்ர வயசைத் திருத்திப் போடும்வரைக்கும் கடிதம் எழுதின மனிசி, அண்டைக்கு "சரியம்மா" எண்டு சொல்லிப் போனைப் பைக்குள்ள வைச்சிட்டா. நானும் பக்கத்தில நிண்டு ரோல்ஸ் திண்டுகொண்டிருந்தனான்.

அடுத்த நாள் பேப்பரில நாலு கொலம் அகலத்தில செய்தி. 'தாழங்கரை மக்களின் நீண்டகாலக் குடிநீர்ப் பிரச்சினைக்குத் தீர்வு. 61 குடும்பங்கள் பயனடைந்தன.' பிரதம அதிதியின்ர உரை ஒரு முழுப் பந்தி. கௌரவ அதிதிகளில கடைசி ஆளா என்ர பேரும் கிடந்தது: 'முன்னாள் தொழிற்சங்கப் பிரமுகர் திரு. சி. இராசதுரை.' நான் ரெண்டு தரம் வாசிச்சனான். கோவம் வரேல்ல அப்ப. பிரமுகராம்!

ஊர் சிரிச்சுது. "ரீச்சர், தண்ணி இனிப்பா இருக்கு" எண்டு பொடிச்சியள் வெறும் குழாயடியில நிண்டு படம் எடுத்தாளவை. அடுத்த கிழமை விழா நடக்கேல்ல. அதுக்கடுத்த கிழமையும் நடக்கேல்ல. மோட்டர் இன்னும் வழியில.

எங்களுக்குத் தண்ணி வாறது பௌசரில, தாங்கி பூட்டின லொறி. செவ்வாயும் வெள்ளியும். ஓட்டி வாறவர் பாயிஸ். பௌசர் சந்தியில திரும்பேக்கயே ஹோன் அடிச்சுக்கொண்டு வருவார், சனம் கானும் வாளியுமா ஓடும். புரட்டாதி பிறந்து முதல் வெள்ளி, வழமைபோல வந்தவர், குழாயைப் பிடிச்சுக்கொண்டு கான்களை நிரப்பினார். எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் ரீச்சரைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், குறை நினைக்காதீங்க. இண்டைக்குத்தான் கடைசி. தாழங்கரையை லிஸ்டில இருந்து வெட்டிட்டாங்க."

"ஏன் பாயிஸ்?"

"உங்களுக்குத்தான் பைப் தண்ணி வந்திட்டாமே. பேப்பர ஃபைல்ல ஒட்டி வெச்சிருக்காங்க. நான் எங்கட பெரியவருக்குச் சொன்னேன், சேர் அங்க சொட்டுத் தண்ணி இல்ல, நான் போற ஆள் எனக்குத் தெரியாதா எண்டு. நீ டிரைவர், பேப்பர் பேப்பர் எண்டுட்டாரு."

வரிசையில நிண்ட தங்கேஸ்வரி வாளியை நிலத்தில அடிச்சு வைச்சா. கருவாடு போடுற மனிசி, வாய் கடலுக்கு அங்கால கேக்கும்.

"எழுதடி இன்னும்! எழுது! என்ர மேள் ஜெயரூபி பிள்ளை பெத்து பத்து நாள். உப்புத் தண்ணியிலயோ அந்தப் பிஞ்சைக் குளிப்பாட்டிறது? உன்ர பேனையில இருந்து ஊத்துவியோ?"

இருபது வருசத்தில ரீச்சரை 'டி' போட்டுக் கூப்பிட்ட ஒருத்தரை அண்டைக்குத்தான் கண்டன். இன்பமலர் தன்ர கானைத் தூக்கித் தங்கேஸ்வரியின்ர வாளிக்குள்ள ஊத்திப்போட்டு, வெறும் கானோட வீட்ட போனா.

திங்கக்கிழமை முன்பள்ளியைப் பூட்டினா. பதினெட்டுப் பிள்ளையள். கக்கூசுக்கே தண்ணி இல்லாமல் எப்பிடி நடத்திறது? பெண்டுகள் சாம்பல்தீவுக்குச் சைக்கிளில போய், அறிஞ்ச வீடுகளில கெஞ்சி, ஒரு கான் ரெண்டு கான் எண்டு கட்டிக்கொண்டு வந்தாளவை. ரெண்டாவது கிழமை அந்த வீடுகளும் முகத்தைத் திருப்பத் தொடங்கிச்சுது.

நானும் ரீச்சரும் பௌசர் விடுற கந்தோருக்குப் போனனாங்கள். அந்த அதிகாரி நல்ல மரியாதை. கதிரை காட்டினார். ஃபைலைத் திறந்து பேப்பர் வெட்டை எங்கட பக்கம் திருப்பினார்.

"இது உங்கட எழுத்துத்தானே மிஸ்?"

"ஓம். ஆனா அது நடக்கேல்ல சேர். நான் அழைப்பிதழைப் பாத்து எழுதினனான்."

"அதை நீங்கள் என்னட்ட வாயால சொல்லுறீங்கள். கணக்குப் பாக்க ஒடிட் வந்து கேட்டா நான் என்னத்தைக் காட்டிறது? பேப்பரில தண்ணி வந்திட்டுது. அதே பேப்பரில வரேல்ல எண்டு வரட்டும். அடுத்த செவ்வாயே பௌசர் விடுறன்."

"வாரும், வந்து குழாயைத் திறந்து பாரும்!" எண்டு நான் மேசையில தட்டினன். "இருபது நிமிச ஓட்டம்!"

"வெளிக்களம் போறதுக்கு எனக்கு வாகன அனுமதி இல்ல ஐயா" எண்டார். ஜன்னலுக்கு வெளியில நாலு வாகனம் நிழலில நிண்டுது.

அண்டைக்கே பேப்பருக்கு அடிச்சம். நிரோஷினி ஆசிரியரிட்டக் குடுத்தா. அவர் சொன்ன நியாயத்தைக் கேளுங்கோ. மறுப்புப் போடுறதெண்டா, செய்தியில பேர் வந்த ஆள் மறுக்க வேணுமாம். நிருபர் தானே தன்னை மறுக்கிறதுக்குப் பேப்பரில இடமில்லையாம். அப்பிடி நிருபரே 'நடக்காததை எழுதினனான்' எண்டா, முதலில அட்டையைத் திருப்பித் தர வேணுமாம். 'எங்கட பேப்பரின்ர பேரும் இருக்குத்தானே மிஸ்' எண்டார்.

சரி, பேர் வந்த ஆள் மறுக்கட்டும். பிரதம அதிதியின்ர செயலாளருக்கு அடிச்சா இன்பமலர். நான் பக்கத்தில இருந்து கேட்டன்.

"எதுக்கு மறுப்பு? ஐயாவுக்கு அந்தச் செய்தி நல்லாப் பிடிச்சிருக்கு. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கந்தோரில மாட்டியிருக்கிறார். அந்த உரையை வேற கூட்டத்திலயும் பேசினவர்."

தான் பேசாத உரையை! இன்பமலர் குசினியில இருந்து எழுதின உரையை! மனிசன் அதைப் பாடமாக்கிப் பேசித் திரியிறார்!

சிறப்பு அதிதியள் மூண்டு பேரில ஒருத்தர் போன் எடுக்கேல்ல, ஒருத்தர் "பெரியவர் மறுத்தா நானும் மறுக்கிறன்" எண்டார், ஒருத்தர் தான் வந்ததாவே நினைச்சுக்கொண்டிருக்கிறார். "அந்த ரோல்ஸ் நல்லா இருந்தது" எண்டார். அவர் அரை வழியில திரும்பின ஆள்.

அப்ப நான் எழுதினன். செய்தியில பேர் வந்த கௌரவ அதிதி எண்ட முறையில மறுக்கிறன் எண்டு, திகதி போட்டு, கையெழுத்து வைச்சு அனுப்பினன். நாலு நாள் கழிச்சு நிரோஷினி சொல்லுது: "ஐயா, ஆசிரியர் சொன்னவர், கடைசி வரிசை அதிதி மறுத்தா அது செய்தியில்லையாம்."

எனக்குப் பழைய பேய் பிடிச்சுது. ஐந்நூறு துண்டுப்பிரசுரம் அடிச்சன். 'தண்ணி எங்கே? பதில் சொல்!' எண்டு கொட்டை எழுத்தில. பஸ் நிலையத்தில நிண்டு குடுத்தன். அதில ஒண்டை அந்த அதிகாரியின்ர மேசையில கொண்டுபோய் வைச்சன். அவர் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்திட்டு, "இது பேப்பர் இல்லையே ஐயா" எண்டு திருப்பித் தந்தார். ஒரு பொய் நாலு கொலத்தில வந்தா அது ஆதாரம். ஐந்நூறு தாளில உண்மை வந்தா அது குப்பை.

அண்டைக்குப் பின்னேரம் ரீச்சர் வீட்ட போய்க் கத்தினன்.

"அட்டையைத் தூக்கி அவன்ர மூஞ்சையில எறியுங்கோ பிள்ளை! அட்டை பெரிசோ, ஊர் பெரிசோ?"

"நீங்கள் கத்துவீங்கள் அண்ணை" எண்டா. முதல் தடவையா என்னில கோவப்பட்டா. "அட்டை இல்லாட்டி ஆசுபத்திரி வாசலில என்னை விடமாட்டாங்கள். வழக்கு நடக்கிற கோட்டில விடமாட்டாங்கள். நேவிக்காரன் கரைவலை இழுக்கிற இடத்தை மறிச்சா, ஆர் எண்டு சொல்லிக்கொண்டு நான் போய்க் கேக்கிறது? போன மாசம் சல்லியில வள்ளம் கவிண்டதை ஆர் எழுதினது? அட்டை போனா இந்தக் கரையில ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காத மாதிரித்தான் இருக்கும். அதை யோசிச்சீங்களோ?"

"அப்ப தண்ணி?"

"அதைத்தான் பதினாறு நாளா யோசிக்கிறன்."

பாக்கியரத்தினம் மூலையில இருந்து கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு, தலையை நிமித்தாமல் சொன்னான்: "நீ எழுதினது, நீதான் அழிக்க வேணும்." அவன் அதிகம் கதைக்கிற ஆளில்ல. இன்பமலர் அவனைப் பாத்தா. பேந்து எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்தா.

ஞாயிற்றுக் கதை இருக்கெல்லோ, அதை ஆசிரியர் ஒருநாளும் வாசிக்கிறேல்ல. ஆடும் மாடும் பஸ்ஸும்தானே. வியாழக்கிழமை வந்தா நிரோஷினி நேர பக்கத்தில போடும். அந்த வியாழன் இன்பமலர் அனுப்பின கதைக்குத் தலைப்பு 'எங்கள் வீட்டு வாளி'. வாளியின்ர படமும் சேத்து அனுப்பினா. முதல் மூண்டு பந்தி வாளிதான். சிவப்பு வாளி, கைபிடி உடைஞ்சது, மனிசன் வலை நூலால கட்டித் தந்தது. நாலாவது பந்தி இப்பிடி:

'இந்த வாளி இப்ப வெறும் வாளி. ஏனெண்டு சொல்லுறன். போன ஆவணி பதினாலாந் திகதி இதே பேப்பரில தாழங்கரைக்குத் தண்ணி வந்ததெண்டு ஒரு செய்தி வந்தது. எழுதினது நான். அதை நான் பன்னிரண்டாந் திகதி, விழாவுக்கு முதல் நாள், என்ர குசினியில அழைப்பிதழைப் பாத்து எழுதினனான். விழா நடக்கேல்ல. பிரதம அதிதி வரேல்ல. அவர் பேசினதா வந்த பேச்சும் நான் எழுதினதுதான். தண்ணி வரேல்ல. நடக்கேல்ல எண்டு எனக்கு அண்டைக்கே ஐஞ்சு மணிக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தனான். என்ர செய்தியை நம்பி எங்கட பௌசரை வெட்டினாங்கள். அறுபத்தொரு வீட்டில இப்ப தண்ணி இல்ல. பொய் சொன்னது பேப்பரில்ல, அதிதியில்ல. நான்.'

அதுக்குக் கீழ தன்ர முழுப் பேர். பாக்கியரத்தினம் இன்பமலர், தாழங்கரை.

ஞாயிற்றுக்கிழமை காலமை கடையில வாங்கி, நிண்டபடியே வாசிச்சன். கடைசி வரியில எனக்கு உடன்பாடில்ல. பொய் சொன்னது அவ மட்டுமில்ல. கண்ணாடிச் சட்டம் போட்டவனும்தான், ஃபைலில ஒட்டினவனும்தான், ரோல்ஸ் திண்டு பாத்துக்கொண்டு நிண்டவனும்தான். ஆனா அவ்வளவு பேரிலயும் பேர் போட்டு எழுதினது அவ ஒருத்தி. நான் இருபத்தாறு வருசம் எழுதின துண்டுப்பிரசுரம் ஒண்டிலயும் 'பிழை என்னில' எண்டு ஒரு வரி எழுதினதில்ல. எல்லாத்திலயும் பிழை முதலாளியில.

ஒன்பது மணிக்கு ஆசிரியர் அடிச்சார். இன்பமலர் "ஓம் சேர்", "ஓம் சேர்", "அனுப்பிவிடுறன் சேர்" எண்டு மூண்டு தரம் சொன்னா. திங்கக்கிழமை அட்டையைப் பதிவுத் தபாலில போட்டா. ஞாயிற்றுக் கதையும் அதோட சரி. அந்தச் செயலாளரும் அடிச்சார்: ஐயாவின்ர மனம் நொந்து போச்சாம்.

செவ்வாய்க்கிழமை ஹோன் கேட்டுது. சொன்ன சொல்லை அந்த அதிகாரி காப்பாத்திட்டார், அதையும் சொல்ல வேணும். வாளிப் படத்தோட அந்த அரைப் பக்கத்தை வெட்டி, பழைய செய்திக்கு மேல ஒட்டினவராம். "இப்ப ஃபைல் சரி ரீச்சர்" எண்டு பாயிஸ் சிரிச்சுக்கொண்டு சொன்னார். குழந்தைக்குத் தண்ணி கொண்டு போக வந்த தங்கேஸ்வரி, வரிசையில இன்பமலருக்குப் பின்னால நிண்டா.

"ரீச்சர்."

"ம்."

"அண்டைக்கு நான் 'டி' போட்டுட்டன்."

"ஓம், கேட்டது."

"நீர் செய்ததுக்கு அது குறைவுதான். ஆனாலும் போட்டுட்டன்."

"சரி, கானைத் தள்ளும், முன்னுக்குப் போகுது வரிசை."

இதுதான் மன்னிப்பு. எங்கட ஊரில இதுக்கு மேல ஒருத்தரும் கேக்கிறேல்ல.

முன்பள்ளி திறந்தாச்சு. குழாய் இன்னும் வெறும் குழாய்தான். போன மாசம் களப்பில ரெண்டு பேர் மின்னல் அடிச்சுச் செத்தவை. ஒரு பேப்பரிலயும் வரேல்ல. நான் கொழும்புக்குக் கடிதம் எழுதினன். பதில் இல்ல. அதே கிழமை ஒரு மைதானத் திறப்பு நாலு கொலத்தில வந்தது. அந்த மைதானத்தைப் போய்ப் பாத்தன். மாடு கட்டியிருக்கு. ஆர் எழுதினதெண்டு எனக்குத் தெரியாது, எழுதினவனில எனக்குக் கோவமும் இல்ல. அவனை ரெண்டு மணிக்குள்ள எழுத வைக்கிறாங்களே, அவங்களில கோவம். அதைச் சட்டம் போட்டு மாட்டிறாங்களே, அவங்களில கோவம். அது வந்தாத்தான் நடந்தது எண்டு வாசிக்கிறமே, எங்களிலயும் கோவம்.

போன வெள்ளி நான் ரீச்சர் வீட்டில இருக்கேக்க நிரோஷினி அடிச்சுது. இன்பமலர் போனைக் கதிரையில வைச்சு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, வெங்காயம் உரிச்சுக்கொண்டே கதைச்சா.

"அக்கா, சுகமோ? அக்கா, நான் அண்டைக்கு அந்த வாளிக் கதையை வாசிச்சிட்டுத்தான் போட்டனான். ஆசிரியரிட்ட வாசிக்கேல்ல எண்டு சொன்னனான்."

"தெரியும் அம்மா. நாலாவது பந்தியில ஒரு எழுத்துப் பிழை விட்டிருந்தன், அதைத் திருத்திப் போட்டிருந்தீர்."

"அக்கா, உங்கட பக்கத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கேல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோவன்."

இன்பமலர் கத்தியை வைச்சா.

"சொல்லுறன். முதல்ல உங்கட ஆசிரியரிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லும். நடந்தாப் பிறகு எழுதிற ஆள் வேணுமோ, நடக்க முதல் எழுதிற ஆள் வேணுமோ எண்டு. நடக்க முதல் எழுதிற ஆள் எண்டா ரவுணில நிறையப் பேர் இருக்கினம். நடந்தாப் பிறகு எழுதிற ஆள் எண்டா, பக்கத்தை மூடுற நேரத்தை மாத்தச் சொல்லும். மாத்தினா நானே வாறன்."

"அக்கா, அதை நான் எப்பிடிக் கேக்கிறது? அக்கா, அவர் என்னை..."

சந்தியில ஹோன் சத்தம். இன்பமலர் எழும்பி, கையைச் சீலையில துடைச்சு, ரெண்டு கானையும் தூக்கிக்கொண்டு படலையைத் தள்ளிப் போயிட்டா. போன் கதிரையில கிடந்தது. அதுக்குள்ள அந்தப் பிள்ளை "அக்கா... அக்கா, இருக்கிறீங்களோ?" எண்டு கேட்டுக்கொண்டிருந்துது.

நான் எடுக்கேல்ல. கேள்வி என்னட்டக் கேட்டதில்ல.